மணவாளனின் வெளிச்சப் பெட்டி

கும்மிடிப்பூண்டி எலக்ட்ரிகல் கடையில் மணவாளன் மறுபடியும் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார். எரியும் குழல்விளக்கின் முன் அவருடைய வெள்ளைப் பனியன் ஊதா கலந்து பளீரென்று ஒளிர்ந்தது. ஒளிர்ந்தால் புற ஊதாக் கதிர் இருக்கிறது என்று அர்த்தம். வேறு மீட்டர் அவரிடம் கிடையாது.

“இன்னாணா, லேடீஸ்லாம் வர்ற கடை. தொந்தியக் காட்டிக்கினு!” என்றார் கடைக்காரர் பாக்கியராஜ்.

“தொந்திய ஏன் பாக்கற? பனியனப் பாரு. இன்னாமா எரியுது!”

உருக்காலை எலக்ட்ரீஷியன் அவர். ஈ பிடிக்கும் மெஷினுக்கான குழல்கள் எட்டு, கொஞ்சம் பிளைவுட், பிரியாணிப் பார்சல் சுற்றும் அலுமினியத் தாள். போட்டோவை நீல நிறத்தில் அச்செடுக்கும் பெட்டி தயார். மேலே கண்ணாடி, அதன்மேல் நெகட்டிவ், அதற்கும் மேல் இரும்பு உப்பு பூசிய தாள். கதிர் பட்ட இடம் நீலமாகும், படாத இடம் கழுவியதும் வெள்ளையாக நிற்கும்.

“கும்மிடிப்பூண்டில வெயிலுக்கா பஞ்சம்? மாடில காய வெய்யேன்” என்பாள் மனைவி கல்பனா.

“வெயில நம்ப முடியாது. மேகம் வந்தா ஒரு கலரு, மில்லு பொகை வந்தா ஒரு கலரு.”

வாஷிங் மெஷின் நிற்கவேண்டிய இடத்தில் பெட்டி நிற்பதுதான் அவள் வயிற்றெரிச்சல். கெடு வைத்துவிட்டாள்: “ஞாயித்துக்கெயம எங்கப்பா நெனவு நாளு. அவரு படம் ஒயுங்கா வந்தா பொட்டி இருக்கட்டும். இல்ல, காயலான் கடைதான்.”

அவள் அப்பா தணிகாசலம், கோயில் வாசலைக்கூட மிதிக்காத நாத்திகர்.

சனிக்கிழமை காலை மணவாளன் ஜன்னலைச் சாத்தி, தாளைக் கெடுக்காத மஞ்சள் பல்பைப் போட்டுக்கொண்டு வேலையில் இறங்கினார். கதிரில் பன்னிரண்டு நிமிடம். குழாயடியில் கழுவக் கழுவ மாமனார் நீலமாக எழுந்துவந்தார். மீசை, முறைப்பு, நெற்றி நடுவே வட்டமாக ஒரு வெள்ளைப் பொட்டு.

மணவாளன் தாளை வாளியில் போட்டுவிட்டு ஓடினார். ஜன்னலைத் திறந்து பெட்டியைப் பார்த்தார். கண்ணாடி நடுவே காய்ந்த சந்தனம். மஞ்சள் வெளிச்சத்தில் அது கண்ணில் படவே இல்லை.

“பொட்டு வெச்சியா?”

“புது மெஷினுக்கு வெக்காம? நேத்து வெள்ளிக்கெயம வேற.”

“அது உங்கப்பன் நெத்தில உக்காந்துகினு கீது!”

கல்பனா ஈரத்தாளை இரு கையாலும் தூக்கினாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று அவர் ஓரடி பின்வாங்க, அவள் சிரித்துவிட்டாள். “விபூதி வெக்கப் போனா கையத் தட்டி உடுவாரு. மாட்டிக்கினாரு பாரு!”

சிரிப்பு சட்டென்று நின்றது. “வேணாம்யா. அவருக்குப் புடிக்காது. இன்னொண்ணு எடு.”

முந்தானை நுனியை வாளித் தண்ணீரில் நனைத்தாள். பெட்டியின் முன் குந்தி, தான் வைத்த பொட்டைத் தானே தேய்த்தெடுத்தாள். கண்ணாடியில் வாயால் ஊதி, மறுபடியும் துடைத்தாள்.