உள்ளே காத்து இருக்கப்படாது

கடலில் ஒரு செம்பு தண்ணீர் எடுத்தால் ஒரு வாய்த் தண்ணீரைத் திருப்பி ஊற்றிவிட வேண்டும். இது என் மாமியார் சொன்னது. நான் ஏரலில் ஆற்றங்கரையில் பிறந்தவள். ஆற்றில் யாரும் அப்படிக் கொடுத்து வாங்குவதில்லை. குடம் கொண்ட மட்டும் மொண்டுகொண்டு வருவோம். உவரிக்கு வாக்கப்பட்டு வந்து, என் வீட்டுக்காரர் கட்டுமரத்தில் போய்த் திரும்பி வராத அந்த வருசம்தான் இதைத் தெரிந்துகொண்டேன்.

அவர் உடல் கிடைக்கவில்லை. வேட்டி சட்டையைப் பெட்டியில் வைத்துக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தோம். பிறகு ஒருநாள் கருவாட்டுக்கு மீன் அலச நான் தண்ணீர் எடுத்தபோது மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உள்ள கெடக்குதவனுக்கும் தண்ணி தவிக்கும்ட்டி. ஒரு வாய் குடுத்துட்டு எடு. இல்லன்னா காத்து கூடவே வீட்டுக்கு வந்துரும்.”

எங்கள் கரையில் காத்து என்றால் வீசுகிறது மட்டும் இல்லை. செத்தும் அடங்காமல் சுற்றுகிறதும் காத்துதான். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு வாய் கொடுக்காமல் நான் கடலில் தண்ணீர் எடுத்தது கிடையாது. ஒரே ஒரு நாளைத் தவிர.

விடிகிற நேரத்தில் வள்ளம் கரையேறும்போது மீன் எடுக்க முதல் ஆளாக நான் நிற்பேன். அங்கேதான் அந்த டீச்சரைப் பார்த்தேன். வண்ணார்பேட்டைக்காரி. திருநெல்வேலியில் கல்லூரியில் பாடம் சொல்கிறவள், நாற்பது வயது தாண்டியிருக்கும். வாரம் ஒரு நாள் வருவாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சிலுவை நிற்கிற குருசடிக்குக் கிழக்கே பாறை ஓரமாக முழங்கால் தண்ணீரில் நின்று, மருந்துப் புட்டி மாதிரி பழுப்பு நிறப் பாட்டிலில் கடலைப் பிடித்துக்கொண்டு போவாள்.

“எதுக்கு டீச்சர் இத கொண்டு போறீய? கொழம்பு வைக்கவா?”

“கடல் என்ன குடிச்சிருக்குன்னு பாக்க, ஆச்சி.”

“அப்போ எங்க ஊரு ஆம்பளையளையும் ஆளுக்கு ஒரு பாட்டில்ல புடிச்சிப் பாருங்க.”

அவள் சிரித்தாள். அப்படித்தான் பழக்கம். பாறையில் உட்கார்ந்து எனக்குப் பைய விளக்கிச் சொல்வாள். லாரி விடுகிற புகை, செங்கல் சூளைப் புகை, கரி எரித்துக் கரண்டு எடுக்கிற இடத்துப் புகை எல்லாம் மேலே போகிறது. போனது அத்தனையும் மேலேயே நிற்பதில்லை. ஒரு பங்கைக் கடல் குடித்துவிடுகிறது. இராப்பகலாகக் குடிக்கிறது. கடல் மட்டும் குடிக்காவிட்டால் நாம் இதற்குள் வெந்திருப்போம். ஆனால் குடிக்கக் குடிக்கத் தண்ணீருக்குள் கொஞ்சங் கொஞ்சமாகப் புளிப்பு ஏறுகிறது. நாக்குக்குத் தெரியாது. சிப்பிக்கும் சங்குக்கும் தெரியும். ஓடு கட்ட அவை பாடுபட வேண்டும்.

“என் அடுப்புப் புகையுமா?” என்று கேட்டேன்.

“உங்க அடுப்பும் உண்டு, என் ஸ்கூட்டரும் உண்டு. நாம விடுத மூச்சுல இருக்கதும் அதே சாமான்தான் ஆச்சி.”

அப்படியானால் என் வீட்டுக்காரர் கடைசியாக விட்ட மூச்சும் அதற்குள்தான் கரைந்திருக்கிறது. முப்பத்தைந்து வருசமாகக் கரையில் நின்று பார்க்கிறேன், இது எனக்குத் தோன்றியதில்லை.

பாட்டிலை மூடுகிற முன்னால் டீச்சர் ஒரு சொட்டு விஷம் விடுவாள். அந்தக் குப்பியை என்னைத் தொட விடமாட்டாள். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தண்ணீரில் இருக்கும், அடைத்து வைத்தால் அதற்குள்ளும் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும், தண்ணீர் மாறிப்போகும், அதனால் கொன்றுதான் எடுத்துப்போக வேண்டும் என்றாள். பிறகு நான் அந்தப் பாட்டில்களைப் பார்க்கும்போதெல்லாம் காதை வைத்துக் கேட்கலாமா என்று இருக்கும். கேட்டதில்லை.

போன சித்திரையில் டீச்சருக்கு அம்மை போட்டுவிட்டது. போன் பண்ணினாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“ஆச்சி, கடல் இந்த வருசம் கண்ணுமண்ணு தெரியாம சூடாயிட்டு வருது. இந்த மூணு வாரத்துத் தண்ணி எனக்குக் கட்டாயம் வேணும். விட்டா திரும்பக் கெடைக்காது. ரெண்டு வருசமா நான் பாத்ததுக்கு அர்த்தமே இதுலதான் இருக்கு. காலிப் பாட்டில பஸ்ஸுல குடுத்து விடுதேன், தெனமும் ஒண்ணு எடுத்து வைப்பீயளா?”

“எடுத்துட்டாப் போச்சு. வெசத்துக்கு என்ன செய்ய?”

“அத நீங்க தொடாண்டாம். ஐஸ்ல, இருட்டுல வைங்க. கொஞ்சம் மாறத்தான் செய்யும், நான் வந்து பாத்துக்கிடுதேன். வழிய வழிய நெரப்பி மூடுங்க. உள்ள காத்து மட்டும் இருக்கப்படாது. காத்து ஏறிட்டுன்னா அம்புட்டும் வீணு.”

எனக்கு அவள்மேல் மரியாதை கூடிவிட்டது. இவ்வளவு படித்தவளுக்குக் காத்தைப் பற்றியும் தெரிந்திருக்கிறதே என்று நினைத்தேன். “அத நான் பாத்துக்கிடுதேன், நீங்க படுங்க” என்றேன்.

மறுநாள் விடியக் காலம் அதே பாறை ஓரம் இறங்கினேன். வழிய வழிய நிரப்பினேன். காத்து ஏறாமலிருக்க ஒரு வாய் திருப்பி ஊற்றினேன். இறுக்கி மூடினேன். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எண் அழகாக எழுதுவேன். மூடியில் ஒன்று என்று எழுதி மீன் ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன்.

அந்த மூன்று வாரம் மாதிரி ஒரு கடலை நான் பார்த்ததில்லை. முதலில் காற்று நின்றது. பிறகு அலை நின்றது. எண்ணெயை ஊற்றி வைத்த மாதிரி கிடந்தது. சத்தமே இல்லை. சத்தமில்லாத ஊரில் பேசப் பயந்து ஆட்கள் மெதுவாகப் பேசினார்கள். ஏழாம் நாள் தண்ணீர் பச்சையாகிவிட்டது. சூப்பு மாதிரி கெட்டிப் பச்சை. நண்டுகள் தண்ணீரை விட்டு ஏறிப் பாறை உச்சியில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. கையைக் கொண்டுபோனாலும் ஓடவில்லை. விலாங்கு கரையோரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். செத்து ஒதுங்கிய மீனைக் காக்கை ஒரு கொத்துக் கொத்திவிட்டு விலகி நிற்கும். முங்கிச் சங்கெடுக்கிறவர்கள், கடலுக்கடியில் இருக்கிற பவளப்பாரெல்லாம் வெள்ளை அடித்தது போல ஆகிவிட்டது, கல்லறைத் தோட்டத்துக்குள் நீந்துகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பிறகு இறங்கவே இல்லை.

நான் மட்டும் இறங்கினேன். வாக்குக் கொடுத்திருந்தேன். இருபத்தொரு நாள், இருபத்தொரு பாட்டில்.

இருபத்திரண்டாம் நாள் காற்று திரும்பிவிட்டது. மறுநாள் வருகிறேன் என்று டீச்சர் போன் பண்ணினாள். நான் கருவாட்டுக் கூடையோடு வண்ணார்பேட்டைக்கு பஸ் ஏறினேன். வியாபாரம் முடித்து, ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற சோடாக் கடையில் ஒரு கலர் வாங்கிப் பாதி குடித்தேன். மிச்சத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, ஒரு வீட்டில் கருவாடு கொடுத்துவிட்டுத் திரும்பிவந்து குடித்தால் சப்பென்று இருந்தது.

“என்ன பாய், செத்த தண்ணியால்லா இருக்கு!”

“பாதி குடிச்சிட்டு மூடுனா அப்படித்தான் ஆச்சி. வெயிலு வேற. மேல காத்துக்கு எடம் விட்டா உள்ள இருக்க கேஸு பூரா அதுல ஏறிரும். அதான் நாங்க கழுத்து வரைக்கும் நெரப்புதது.”

“காத்தா? எந்தக் காத்து?”

“எந்தக் காத்தா? வாயால ஊதுனா வருமே, அந்தக் காத்து. பின்ன என்ன, பேயா?”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கலரைக் கீழே வைத்துவிட்டேன். இருபத்தொரு பாட்டிலிலும் ஒரு வாய்க்கு நானே இடம் விட்டிருக்கிறேன். அதற்குள் மூன்று வாரமாக ஏறிக்கொண்டிருக்கிறது. எது ஏறக்கூடாது என்று அவள் சொன்னாளோ அதற்கு நானே கதவைத் திறந்துவிட்டு, காவலுக்கும் நின்றிருக்கிறேன்.

பஸ்ஸில் வரும்போது வெளியே ஒன்றும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி, என் வயசுக்காரி, வந்து நின்றாள். விசயத்தைச் சொன்னேன்.

“அட சவத்த! இதுக்கா இப்பிடி ஒக்காந்திருக்க? அங்கன அம்புட்டுக் கடல் கெடக்கு. போயி இருபத்தொண்ணையும் முட்ட நெரப்பி வையி. எந்தத் தண்ணி எந்த நாளுன்னு அவளுக்கு எப்பிடித் தெரியும்?”

“தெரியாதுதான்.”

“பின்ன என்னட்டி?”

அவள் சொன்னது சரிதான். தெரியாது. நான் எழுந்து, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பாறை வரைக்கும் போனேன். பொய் சொல்ல மாட்டேன், போனேன். வெயில் இறங்கியிருந்தது. அலை பழையபடி வந்து விழுந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குள் காலை வைத்தேன், குளிர்ந்தது. ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தது கடல். இந்தத் தண்ணீருக்கு அந்த மூன்று வாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நேற்று மீனை இன்றைக்கு மீன் என்று சொல்லி நான் ஒருநாளும் விற்றதில்லை. இன்றைக்குத் தண்ணீரை நேற்றுத் தண்ணீர் என்று கொடுக்கவா? பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

காலையில் டீச்சர் வந்தாள். முகமெல்லாம் அம்மைத் தழும்பு, இளைத்திருந்தாள். வாசலில் கால் வைக்கிற முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

“டீச்சர், ஒங்க தண்ணிய கெடுத்துட்டேன்.”

காத்து, மாமியார், ஒரு வாய், சோடாக் கடை எல்லாம் சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டு எனக்குப் பழக்கமில்லை. அவள் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகக் கவிழ்த்துப் பார்த்தாள். கவிழ்த்ததும் உள்ளே ஒரு குமிழி, முட்டை அளவு, பைய மேலே ஏறும். அடுத்ததை எடுப்பாள். அதிலும் ஏறும். அவள் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது, துடைக்காமல் கவிழ்த்துக்கொண்டே போனாள். ஒவ்வொன்றிலும் என் வீட்டுக்காரருடைய வாய் ஒன்று திறந்து திறந்து மூடுகிற மாதிரி எனக்கு இருந்தது.

பதினாலாவதைக் கவிழ்த்தாள். ஒன்றும் ஏறவில்லை. குலுக்கினாள். திரும்பக் கவிழ்த்தாள். அசைவே இல்லை.

“ஆச்சி, இதுல காத்தே இல்லையே. இது என்னைக்கு எடுத்தது?”

அந்த நாளை மறக்க முடியுமா? பதற்றத்தில் அதையும் சேர்த்தே இருபத்தொன்று என்று எண்ணிவிட்டிருந்தேன். அன்றைக்குத் தண்ணீரில் இறங்கினேன், ஆனால் இறங்கினது எனக்குத் தெரியவில்லை. காலில் தண்ணீர் படுகிற உணர்வே இல்லை. என் உடம்புச் சூடும் அதன் சூடும் ஒன்றாக இருந்தது. எங்கே என் கால் முடிகிறது, எங்கே கடல் தொடங்குகிறது என்று குனிந்து பார்த்தேன். பச்சைத் தண்ணீருக்குள் கால் இல்லை. பாட்டிலை அமுக்கினேன். அப்போது மணலுக்குள்ளிருந்து, என் இரண்டு காலையும் சுற்றி, சின்னச் சின்னக் குமிழியாக வரத் தொடங்கியது. உலை கொதிக்கிற முன்னால் வருமே, அப்படி. முழங்காலில் தொட்டுத் தொட்டு உடைந்தது. யாரோ கீழே படுத்துக்கொண்டு மூச்சு விடுகிற மாதிரி. தண்ணீருக்குள் வைத்தே மூடியைத் திருகினேன். ஒரு வாயும் கொடுக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. வீடு வரைக்கும் ஓடினேன். இந்த வயசில்.

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு அவளிடம் சொன்னேன். அவள் நோட்டை எடுத்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். குமிழி எப்படி வந்தது, எந்தப் பக்கம், வாடை இருந்ததா என்று கேட்டாள். அழுக்கும் சகதியும் அடியில் அழுகினால் அப்படி வரும் என்றாள். இருக்கலாம்.

“ஒண்ணு போதாது ஆச்சி” என்றாள். பிறகு, “ஒண்ணாவது இருக்கு” என்றாள்.

விஷக் குப்பியை எடுத்தாள். பாட்டில் முட்ட முட்ட இருந்ததால் சொட்டு விட இடமில்லை. மெல்லிய கண்ணாடிக் குழலால் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சி, வாசலில் உதறப் போனாள்.

“இங்கன ஊத்துங்க” என்று உள்ளங்கையை நீட்டினேன்.

என்னைப் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. ஊற்றினாள். ஐஸில் இருந்த தண்ணீர், கை மரத்தது. அதை மூடிப் பிடித்துக்கொண்டு நான் கரைக்கு நடந்தேன். வேகமாக நடந்தால் சிந்தும், மெதுவாக நடந்தால் ஒழுகும். பாறை ஓரம் போய்க் கையைத் திறந்தபோது ரேகைகளில் ஈரம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. கையைத் தண்ணீருக்குள் முக்கி விரித்தேன்.

“இன்னைக்கு இம்புட்டுதான்” என்று அவரிடம் சொன்னேன்.