துருவுக்கு நான் கொடுத்த நற்சான்று

சேலத்தில் காலேஜில் ரசாயனம் படித்துவிட்டு வந்து, அப்பாவுக்குப் பிறகு ராசிபுரத்துக்குத் தெற்கே எங்கள் ஊருக்கு நான் மணியகாரன் ஆனேன். ஊரில் அதிகம் படித்தவன் நான்தான் என்பதை ஊர் மறந்தாலும் நான் மறக்கவில்லை. அந்தப் படிப்பை வைத்து வாழ்நாளில் ஒரே ஒரு ஆராய்ச்சி செய்தேன். அதில் ஒருவனுடைய பிழைப்பு போயிற்று.

கள் இறக்கக் கூடாது என்று சட்டம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பனையேறிகள் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்போது தாலுகாவிலிருந்து ஒரு தாக்கீது வந்தது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் தெளுவு, அதாவது புளிக்காத பதநீர், இறக்கிக் கருப்பட்டி காய்ச்சச் சிலருக்கு அனுமதி தரலாம். சட்டத்துக்கு அடங்கி மரம் ஏறாமல் இருந்தவர்களை மணியகாரர் விசாரித்துப் பெயர் அனுப்ப வேண்டும்.

விசாரிப்பதென்றால் நாலு வாசலில் நின்று பேச வேண்டும். படித்தவனுக்கு அது எதற்கு? பனம்பாளை சீவும் பாளைக்கத்தி ஒரு வருஷம் சும்மா கிடந்தால் துருப்பிடித்திருக்கும், திருட்டுத்தனமாக ஏறினவன் கத்தி பளபளக்கும் என்று முடிவு செய்தேன். இரும்பு பொய் சொல்லாது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். அவளுக்கு ரசாயனம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் கத்தியோடு சாவடிக்கு வர வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையே தண்டோரா போட வைத்தேன். இப்படி முழுசாக ஐந்து நாள் அவகாசம் கொடுத்துவிட்டுச் சோதனை போட நான் ஒருவன்தான் அந்தத் தாலுகாவில் இருந்திருப்பேன்.

ஒன்பது பேர் வந்தார்கள். எட்டுக் கத்தியும் செக்கச்செவேலென்று துரு. கைக்குட்டையால் ஒவ்வொன்றையும் துடைத்து, கறையைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டி, இவன் யோக்கியன் என்றேன். எட்டுத் தடவை சொன்னேன். அந்தக் கைக்குட்டையை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

ஒன்பதாவது ஆள் ஊரிலேயே பேச்சுக் குறைந்தவன். அவன் கத்தியின் இரண்டு முகமும், முதுகிலிருந்து வாய் வரைக்கும், மேடு பள்ளம் இல்லாமல் தட்டையாக இருந்தன. குறுக்கே ஒரு கீறல் கூட இல்லை. என் மீசையின் மயிரை அதில் எண்ணலாம்.

“மரம் ஏறாதவனுக்கு இவ்வளவு தீட்டின கத்தி எதுக்கப்பா?” என்றேன்.

“ஏறச் சொன்னா அன்னைக்கே ஏறோணுமில்லீங்க சாமி. துரு தின்னா முகத்துல குழி உழுந்துருமுங்க. குழி உழுந்த கத்தி பாளையச் சீவாது, பிச்சுப்போடும். அப்புறம் எங்கீங்க தெளுவு?”

பிறகு கேட்காமலேயே விவரம் சொன்னான். வெங்கச்சங்கல் என்கிற கெட்டியான பளிங்குக்கல்லை இடித்துத் துணியில் சலித்து, அந்த மாவைப் பலகையில் தூவி, தினமும் விடியற்காலையில் தீட்டுகிறானாம். கத்தியைப் படுக்கவைத்தபடியே இழுக்க வேண்டும், முதுகை ஒரு நூல் தூக்கினாலும் முகம் உருண்டுபோகும். பலகையில் பள்ளம் விழுந்தால் முதலில் பலகையைச் செதுக்க வேண்டும். இவ்வளவு தெரிந்தவன் நிச்சயம் மரத்தில்தான் இருந்திருக்கிறான் என்று தோன்றியது. அவன் பெயரை விட்டுவிட்டு மற்ற எட்டுப் பேரையும் எழுதினேன். கூட்டத்தில் சிரித்தார்கள். அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நானும் சிரித்தேன்.

மறுநாள் அவன் என் வீட்டுக்கு வந்து, தன் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டான். இரண்டு பெண் குழந்தைகள். கூலி வேலையும் தினம் கிடைப்பதில்லை. நான் அவனுக்குப் பாடம் நடத்தினேன். ஈரமும் காற்றும் பட்டால் இரும்பு எப்படித் துருவாகிறது என்று காலேஜில் கேட்டதையெல்லாம் ஒப்பித்தேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டான்.

“ஆமாங்க. அதுக்குத்தானுங்க தீட்டறேன்” என்றான்.

அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

அன்று சாயங்காலம் மைத்துனர் வந்தார். வந்ததும் சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. எட்டுப் பேரில் ஆறு பேர் வருஷம் பூராவும் கள் இறக்கினவர்களாம். நான் விட்டுவிட்டவன் மரத்தில் காலே வைக்கவில்லையாம். தண்டோரா கேட்டதும் உடைசல் கத்திகளைத் தேடிப்பிடித்து, உப்பும் புளித்த மோரும் தடவி, மாட்டுத்தொட்டிக்கு அடியில் சேற்றில் புதைத்திருக்கிறார்கள். கத்தி கிடைக்காத மூன்று பேர் ஒரே கத்தியைத் தங்கள் முதுகுக்குப் பின்னால் கைமாற்றி மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். “ஒரே கத்திய மூணு தரம் மெச்சுனீங்களாமா, மாப்ள” என்றார். ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. என் மனைவிக்கும் தெரிந்திருந்தது.

பட்டியல் அப்போதும் என் மேசைமேல்தான் இருந்தது. திங்கட்கிழமைதான் தபால். அவன் பெயரை எழுத ஒரு வரி போதும். எழுதினால் நான் ஏமாந்தேன் என்று நானே கையெழுத்துப் போட்டதாக ஆகும். தாலுகாவில் சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதையே யோசித்தேன், அவன் வீட்டு அடுப்பை ஒரு தடவையும் யோசிக்கவில்லை. திங்கட்கிழமை பட்டியல் அப்படியே போயிற்று.

அவன் குடும்பத்தோடு சேலம் பக்கம் வெள்ளைக்கல் வெட்டும் குழிக்குக் கூலியாகப் போனான்.

அடுத்த வருஷப் பட்டியலில் அவன் பெயரை முதலில் எழுதினேன். அனுமதி வந்தது. காகிதத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிக் குழிக்கே போனேன். தலைமுதல் கால்வரை வெள்ளைத் தூசியோடு மேலே ஏறி வந்தான். கூட வேலை செய்தவர்களும் வந்து சுற்றி நின்றார்கள். காகிதத்தை அவன் கையில் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

“இந்தத் தரம் துரு ஓணுங்களா, மினுக்கு ஓணுங்களா சாமி? சொன்னீங்கன்னா அதும்படி பண்ணிப்போட்டு வாரேனுங்க” என்றான்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. தப்பு என்னுடையது, தெரிந்தே செய்தேன் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. அனுமதிக்குக் கெடு மாசக் கடைசியோடு முடிகிறது, சீக்கிரம் வந்து சேர் என்றேன்.

அவன் காகிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தான். மேஸ்திரி பார்க்கிறார் என்று சொல்லிவிட்டுக் குழிக்குள் இறங்கினான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அங்கிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டு நானும் கிளம்பினேன். பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.