ஒயர் இல்லாத பெட்டிகள்

ஒயர் இல்லாத கருவியை விற்கிறவனிடம் எல்லோரும் முதலில் கேட்பது, "ஒயர் எங்கே?" என்பதைத்தான். இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் முனிர்காவில் அறை எடுத்துத் தங்கி, டில்லி முழுக்க இதற்குப் பதில் சொல்லித் திரிந்தவன் நான். கருவி என்றால் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. பேட்டரியில் ஓடும். உஷ்ணத்தை அளந்து பதிந்துவைத்துக்கொண்டு, தூரத்து ரிசீவருக்கும் ரேடியோ அலையில் அனுப்பிவிடும். சர்வீஸ் வேலையில் செருப்பு தேய்ந்தவர்களுக்கு மற்றது தானாகப் புரியும். நீங்களும் அப்படி அலைந்தவர் என்றால் நம்ம கட்சிதான்.

லாலாஜி வைத்த பரீட்சை

ஆப்பிள் குளிர்கிடங்கு நடத்திய லாலாஜிக்குப் பெட்டிமேல் நம்பிக்கை வரவில்லை. "நானே உள்ளே வைக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். நான் வெளியே ஆபீஸில் ரிசீவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளிர் காட்ட வேண்டிய பெட்டி, சூடு ஏறிக்கொண்டே போவதாகச் சொன்னது.

கதவைத் திறந்து ஓடினேன். கூடைகளுக்கு நடுவே பல் கிட்டித்து நின்றிருந்த லாலாஜி, பெட்டியைக் கக்கத்திலிருந்து எடுத்து நீட்டினார். "சூடு தெரிஞ்சு ஓடி வந்துட்டியே, பாஸ் பண்ணிடுச்சு பேட்டா! பக்கத்து ரூமுக்கும் ஒண்ணு மாட்டு. முதல்ல எனக்கு ஜல்தியா ஒரு சாய் சொல்லு."

குரங்கு செய்த இடமாற்றம்

ஓர் அரசு ஆபீஸ் மொட்டைமாடியில் பொருத்தியிருந்த பெட்டியைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. ஆனால் தகவல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. மே மாத மத்தியானத்தில் மாடியில் திடீரென்று சூடு இறங்கிவிட்டதாம்! என் சகா ஹர்ப்ரீத், "நிழலான இடத்தில் இருக்கிறது" என்று சொல்லி, ரிசீவரைக் கையில் ஏந்திக்கொண்டு காம்பவுண்டைச் சுற்றினார். சிக்னல் வலுத்த இடத்தில் ஒரு வேப்பமரம். கிளைக் கவட்டையில் பெட்டி.

அவர் ஏணி கேட்டபோது ஆபீஸர் தடுத்தார். "இருக்கட்டும் விடுங்க சர்தார்ஜி. எங்கே தூக்கிப் போட்டாலும் முணுமுணுக்காம வேலை செய்யற ஒரே ஆள் எங்க ஆபீஸ்ல இதுதான்."

கமலா அக்காவின் ஓட்டம்

மயூர் விஹாரில் ஒரு குழந்தைகள் கிளினிக். நர்ஸ் கமலா அக்காவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். ஜூன் மாதம் ஒருநாள் கரண்ட் போய், ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. டாக்டர் வெளியூரில். மறுநாள் தடுப்பூசி முகாம், மருந்தெல்லாம் ஃபிரிட்ஜில். உள்ளே இருந்த எங்கள் பெட்டி அனுப்பிய உஷ்ணம் மருந்து தாங்கும் எல்லையை நெருங்கியதும் ரிசீவர் அலறத் தொடங்கியது.

"தம்பி, நம்பர் ஏறுதுல்லா! கதவைத் திறக்கவும் பயமா இருக்கு" என்று போன் செய்தார். "இதோ வர்றேன் அக்கா" என்று கிளம்பினேன். டில்லி டிராபிக்கில் அந்த "இதோ" எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் போய்ச் சேர்ந்தபோது வேலை முடிந்திருந்தது. கரண்ட் இருந்த பக்கத்து பிளாக்கில் வீடு வீடாகக் கதவைத் தட்டியிருக்கிறார். பெண்கள் ஐஸை டிபன் டப்பாவிலும் குக்கரிலும் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். ஐஸ் நேராகப் பட்டு மருந்து உறையாமல் நடுவே நியூஸ்பேப்பர் சுற்றி, சூடு புகாத பிக்னிக் பெட்டியில் அடுக்கி, எங்கள் கருவியையும் கூடவே வைத்திருந்தார். நம்பர் எல்லைக்குள்ளேயே அசையாமல் நின்றது. ஒரு குப்பிகூட வீணாகவில்லை.

நனைந்த புடவைத் தலைப்பைப் பிழிந்தபடி அக்கா சொன்னார்: "கத்துனது உங்க பெட்டி, ஓடுனது நான். டாக்டர்கிட்ட ரெண்டு பேரையும் சேத்துச் சொல்லுங்க தம்பி."

ஆள் போய்ப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லி விற்ற பெட்டிகளுக்காக, டில்லியில் நான் போய்ப் பார்க்காத இடமே பாக்கியில்லை.