புகை நிற்காத வீடு

துயுக் பள்ளத்தாக்குக்கு வரும் வெளியூர்க்காரர்கள் புருலிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பனிமலை அப்படியே வீட்டை ஒட்டி வந்து நிற்கிறதே, அந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு ஜன்னல்கூட ஏன் இல்லை?

"அந்தப் பக்கம் கொட்டகை இருக்கு. மாடு பாத்துக்கும்," என்பாள்.

வந்தவர்கள் சிரிப்பார்கள். அவள் சொன்னது வேடிக்கைக்கு அல்ல. குளிர்காலம் முழுக்கக் காற்று இறங்குவது அந்த மலையிலிருந்துதான். அந்தப் பக்கம் ஒரு விரற்கடை திறந்து வைத்தாலும் அடுப்பில் எத்தனை சாண வறட்டி போட்டாலும் போதாது. மலையைக் கட்டியவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் அதன் அடியில் குடியிருக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றும். கடவுளைப் பற்றி அப்படி நினைக்கலாமா என்று அப்புறம் பயப்படுவாள்.

அவள் பிறந்தது மலையில் அல்ல. கீழே, தோக்மோக் நகரத்துக்குப் பக்கத்துச் சமவெளியில். பீட்ரூட் வயல், நெட்டிலிங்கம் போல உயர்ந்த பாப்ளர் மரங்கள், கூப்பிடு தூரத்தில் கடை. ஓமுர் அவளைக் கட்டிக்கொண்டபோது, "ரெண்டே ரெண்டு குளிர்காலம். அதுக்குள்ள அண்ணன்கள் யாராவது மேல வந்துருவாங்க, நாம கீழ போயிரலாம்," என்றான். பொய் சொல்கிற ஆள் அல்ல. தானே நம்பித்தான் சொன்னான்.

ஆனால் அவன் கடைக்குட்டி. அந்த மலைகளில் அப்பாவின் வீடும் அடுப்பும் கடைசி மகனுக்குத்தான். பெற்றவர்களும் அவன் பொறுப்பு. மூத்தவர் ஷார்ஷென் தலைநகரில் பொறியாளர் ஆகிவிட்டார். இரண்டாமவர் ஜோல்ச்சு அங்கேயே வண்டி உதிரிபாகக் கடை வைத்தார். மாமனார் படுத்தார், போனார். மாமியார் படுத்தார், நெடுநாள் கிடந்து போனார். இரண்டு பேருக்கும் அள்ளிக் கொட்டியது புருல். இரண்டு சாவிலும் நடுவில் உட்கார்ந்து உரக்க அழுதது தலைநகரிலிருந்து வந்தவர்கள். "இனி போலாமா?" என்று அவள் கேட்டபோது ஓமுர், "அப்பா அடுப்ப யார்கிட்ட விட்டுட்டுப் போறது?" என்றான். அடுப்புக்குக் கால் இல்லை என்பது அதுவரை அவளுக்குத் தோன்றவே இல்லை.

முதல் குழந்தை பிப்ரவரியில், கீழே போகும் கணவாய் பனியில் மூடிக்கிடந்தபோது, காய்ச்சலில் போயிற்று. இரண்டாவதாகப் பிறந்த மகள் குல்ஸினா பிழைத்தாள். அவளைப் படிக்கக் கீழே அனுப்பியவள் புருல்தான். அனுப்பும்போதே, இந்தப் பெண் திரும்பி வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். அந்த வேண்டுதல் மட்டும் பலித்தது.

போன வருஷம் முதல் பனி சீக்கிரமே வந்தது. ஓமுர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பக்கத்து வீட்டு துர்துபேக் தன் ஜீப்பில் ஏற்றினார். கணவாயில் பனி வாரும் வண்டிக்காகக் காத்து நின்றார்கள். உச்சியில் ஒரு வளைவு உண்டு. கோடையில் சுற்றுலாக்காரர்கள் அங்கே நிறுத்தித்தான் படம் எடுப்பார்கள். அந்த வளைவில், அவள் மடியில், ஓமுர் கண் மூடினான். மேகம் விலகி வெயில் அடித்தது. பள்ளத்தாக்கு முழுக்கப் பளபளவென்று இருந்தது. அத்தனை அழகை அவள் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இன்றுவரை அதற்காக அந்த மலையை அவள் மன்னிக்கவில்லை.

கணவன் போனால் மனைவி ஒரு வருஷம் அந்த வீட்டை விட்டு நகரக் கூடாது. வருஷ நினைவு விருந்து முடிந்தால் அவள் காலில் கட்டு இல்லை. இது ஊரறிந்த வழக்கம். புருல் அந்த ஒரு வருஷத்தையும் ஒருநாள் குறையாமல் இருந்து கழித்தாள். மூட்டு வீங்கிய காலோடு பால் கறந்தாள், பனி வாரினாள். தோக்மோக்கில் தையல் கூடத்தில் வேலை செய்யும் குல்ஸினா தரைத்தளத்தில் ஓர் அறையைக் காலி செய்து, கட்டில் வாங்கிப் போட்டிருந்தாள். தெருமுனையில் மருந்துக்கடை இருக்கிறதாம். அந்த மருந்துக்கடையைப் பற்றி புருல் இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். மாடுகளை துர்துபேக் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

"உன் மாடு நான் சொன்ன பேச்சு கேக்குமா?" என்றார் அவர்.

"என் பேச்சையே கேக்காது. வேணும்னா நீங்க பாட்டுப் பாடிக் கறங்க."

"நான் பாடுனா பால் திரிஞ்சிரும்மா."

மீதி இருந்தது ஒன்றுதான். கணவனின் அண்ணன்களிடம் சொல்ல வேண்டும். அனுமதி கேட்பது அல்ல, சொல்வது. அப்படித்தான் அவள் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டாள். விருந்தில் கறி பரிமாறும்வரை மருமகள் வாய் திறப்பது அழகல்ல. கடைசி ஆசி சொன்ன பிறகு பேச்சு கிடையாது, எல்லோரும் எழுந்துவிடுவார்கள். நடுவில் தேநீர் சுற்றும் நேரம். அதுதான் அவளுடைய நேரம்.

செப்டம்பர் கடைசியில் இரண்டு கார்களில் எல்லோரும் வந்து இறங்கினார்கள். ஷார்ஷெனின் மனைவி ரைகான் இறங்கியதும் இரண்டு கையையும் விரித்து மூச்சை இழுத்தாள்.

"ஐயோ, இந்தக் காத்து! புருல், நீ பண்ணுன புண்ணியம் யாரு பண்ணுனா சொல்லு? அங்க நாங்க குளிர்காலம் பூரா கரிப்புகையத்தான் குடிக்கிறோம்."

"இங்கயும் புகைதான்க்கா. சாணப்புகை."

"அது உடம்புக்கு நல்லதும்மா!"

ஆடு அறுத்தார்கள். முல்லா ஓதினார். ஷார்ஷென் வாசலுக்கு எதிர்ச்சுவரோரம், பெரியவர்கள் உட்காரும் இடத்தில் சம்மணமிட்டார். ஆட்டுத்தலை அவர் முன்னால் வந்தது. காதை அறுத்துப் பேத்திக்குக் கொடுத்தார். இடுப்பெலும்பு ஜோல்ச்சுவுக்குப் போயிற்று. புருல் வாசலோரம் தேநீர்ப் பாத்திரத்தின் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, கிண்ணம் கிண்ணமாக ஊற்றினாள். பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. நிறைய ஊற்றினால் 'போய்வா' என்று அர்த்தம். ஐம்பதைத் தாண்டியும் அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் 'மருமகள்'தான்.

"மருமகளே, கறி பஞ்சு மாதிரி வெந்திருக்கு," என்றார் ஜோல்ச்சு. "ஊர்ல என் பொண்டாட்டி ஆக்குனா ஆடு மறுபடி எந்திரிச்சு ஓடிரும்."

"நீங்க வாங்கிட்டு வர்ற ஆடு பென்ஷன் வாங்குற ஆடு. வேகுமா?" என்று அவர் மனைவி திருப்பிக் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கட்டும் என்று புருல் காத்திருந்தாள். கிண்ணங்கள் ஒரு சுற்று வந்தன. 'மூத்தவரே, ஒரு விஷயம்' என்று ஆரம்பிக்க வேண்டும். அதற்கப்புறம் தானாக வரும். தொண்டையைச் செருமினாள். அப்போது பேத்தி கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டாள். துணி எடுத்துத் துடைத்தாள். அடுத்த சுற்றில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அது பயமா, மரியாதையா, அல்லது இத்தனை வருஷம் வாய்மூடி இருந்ததில் வாய்க்கே பழகிப்போன சோம்பலா என்று பின்னால் பலமுறை யோசித்தாள்.

ரைகான் வாசலுக்கு வெளியே போய் மலைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, மலை செவந்துருச்சு! வெளிச்சம் போறதுக்குள்ள படம் எடுக்கணும். ஆசிய முடிங்க, முடிங்க!"

"இன்னும் ஒரு சுற்று தேநீர்..." என்றாள் புருல்.

"படம் எடுத்துட்டு வந்து குடிக்கலாம்மா, தேநீர் ஓடியா போகுது?"

ஷார்ஷென் உடனே இரண்டு உள்ளங்கைகளையும் மேல்நோக்கி விரித்தார். அவர் விரித்ததும் அறையில் இருந்த எல்லாக் கைகளும் விரிந்தன. குழந்தைகள் கூட வாயில் இருந்ததை அப்படியே வைத்துக்கொண்டு கை விரித்தார்கள்.

"தம்பி ஓமுர் சொர்க்கத்துல இருக்கட்டும்," என்றார் கணீரென்று. "எங்க அப்பா மூட்டுன அடுப்பு அணையாம இருக்கட்டும். இந்த வீட்டுப் புகை ஒருநாளும் நிக்காம இருக்கட்டும். எங்க மருமக புருல், எங்க அம்மா மாதிரியே, தலை நரைச்சு, இதே அடுப்பு முன்னால இருந்து எங்களையெல்லாம் வரவேற்கட்டும். ஆமீன்!"

"ஆமீன்!"

எல்லோரும் கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். புருலும் தடவிக்கொண்டாள்.

தடவி முடித்த பிறகுதான் தன் கைகளைப் பார்த்தாள். பிறந்து பேச்சு வருமுன்னே பழகிய கைகள். யாராவது ஆசி என்றால் அவளைக் கேட்காமல் எழும், அவளைக் கேட்காமல் முகத்தில் இறங்கும். பெரியவர் ஆசி சொல்லி, கேட்டவர் முகம் தடவிவிட்டால் அது முடிந்த காரியம். அதை மீறுகிறவர்களுக்கு அங்கே ஒரு பெயர் இருக்கிறது. நல்ல பெயர் அல்ல. மீறினால் கேடு பிள்ளைகள் தலையில் விடியும் என்பார்கள். ஒரு வருஷமாக நெஞ்சுக்குள் வைத்திருந்த பேச்சுக்கு இரண்டு உள்ளங்கைகள் மூடி போட்டுவிட்டன.

வெளியே படம் எடுத்தார்கள். ரைகான் பெட்டியைக் குடைந்து மாமியாரின் பழைய வெள்ளைத் தலைக்கட்டைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள்.

"இதக் கட்டிட்டு நடுவுல நில்லு புருல். ஆகா! அப்படியே அத்தைதான். சிரியேன்!"

புருல் சிரித்தாள்.

கார்களில் ஏறும்போது அவளுக்கு எப்படியோ தைரியம் வந்தது. அல்லது இனி என்ன இருக்கிறது என்ற வெறுப்பு வந்தது. ஷார்ஷெனின் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"மூத்தவரே, நான் குல்ஸினாகிட்ட போயிரலாம்னு இருந்தேன். காலு முடியல. குளிர்காலத்துல ஒண்டியா..."

அவர் முகத்தில் கோபம் இல்லை. திகைப்புதான் இருந்தது. வீட்டுச் சுவர் பேசியதுபோல அவளைப் பார்த்தார்.

"இப்பத்தானேம்மா ஆமீன் சொன்ன? முல்லா முன்னால, எல்லார் முன்னால."

"சொன்னேன்."

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற மாதிரி ஆசி சொல்லியிருப்பேனே. நான் என்ன உனக்கு எதிரியா?"

அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம் என்பதுதான் அவளைக் குத்தியது.

"அப்ப இந்தக் குளிர்காலம் மட்டும் நீங்க யாராவது வந்து இருங்க," என்றாள். "அடுப்புதானே எரியணும். நீங்க எரிச்சாலும் எரியும்."

ரைகான் உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "எப்படிம்மா? கணவாய் மூடிட்டா? எனக்கு பிரஷர் இருக்கு. ராத்திரி ஏதாவது ஒண்ணுன்னா எந்த டாக்டர் இங்க வருவாரு?"

சொல்லிவிட்டு ரைகான் அவள் கையை அன்போடு தட்டினாள். தான் சொன்னது ரைகானின் காதிலேயே விழவில்லை. "அடுத்த கோடைக்கு ரெண்டு வாரம் இருக்கிற மாதிரி வர்றோம். பால் க்ரீம் எடுத்து வை, என்ன?"

கார்கள் கணவாய்ப் பாதையில் ஏறின. துர்துபேக் வேலியோரம் நின்றிருந்தார். அவரும் விருந்தில் இருந்தவர், அவரும் முகம் தடவியவர். மாட்டைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

துயுக்கில் கொட்டகைக்குப் பின்னாலுள்ள மேட்டில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். புருல் முழங்கால் மூட்டைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். குல்ஸினா முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னம்மா, சொல்லிட்டியா? எப்ப வர்ற?"

"வரல."

"யாரு தடுத்தா? பெரியப்பாவா? நான் பேசறேன் அவர்கிட்ட."

"யாரும் தடுக்கல. ஆசி சொன்னாரு. நானே கை விரிச்சேன்."

மகளின் குரல் உயர்ந்தது. "அம்மா, மூஞ்சியத் தடவுனா வாழ்க்கை முடிஞ்சிருமா? கைதானேம்மா அது!"

"ஆமா. என் கைதான்."

"நான் அடுத்த வாரம் வந்து உன்னக் கூட்டிட்டுப் போறேன். யாரு கேக்கறாங்கன்னு பாக்கறேன்."

படித்த பெண். அவள் வந்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், நேரில். அதன்பின் குல்ஸினாவின் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால், மருமகனுக்கு வேலை போனால், புருல் தன் இரண்டு கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். அதில் தனக்கே முழு நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தாள். இல்லை. ஆனால் பயத்துக்கு நம்பிக்கை தேவைப்படவில்லை.

"வா," என்றாள். "விருந்தாளியா வா. ஆடு அறுக்கறேன்."

"அந்தக் கட்டில நான் என்னம்மா பண்றது?"

"துணி மடிச்சு வை."

மறுமுனையில் சத்தம் நின்றது. மகள் வைத்துவிட்டாளா, சிக்னல் போய்விட்டதா என்று தெரியவில்லை. இன்னும் நாலு எட்டு மேலே ஏறினால் தெரிந்துவிடும். புருல் ஏறவில்லை.