ஐந்து முறை பெயிலானவன் எழுதியது

நகரத்தின் நடுவே, பார்க்டேலில் குடியிருந்தவரை எனக்குக் கார் தேவைப்படவில்லை. நகர எல்லையில் இருக்கும் ரூஜுக்கு வீடு மாறிய பிறகு ஒரு பை பால் வாங்குவதற்கும் மனைவியைக் கெஞ்ச வேண்டியதாயிற்று. அவள் லைசென்ஸுக்கான ரோட் ரெஸ்ற்றில் முதல்முறையே பாஸானவள். அதைச் சொல்லிக் காட்டமாட்டாள். என்னைப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

நான் ஐந்து முறை பெயில். நாலு பக்கமும் ஸ்ரொப் பலகை உள்ள சந்தியில், என் முறை வந்தாலும் நான் எல்லோருக்கும் வழிவிடுவேன். மூன்றாவது ரெஸ்ற்றில் அப்படி நின்றபோது, பரிசோதகர் பேனையை மூடிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார். எங்கள் ஆட்கள் ரெஸ்ற்றுக்குப் போவதை ஒருவருக்கும் சொல்வதில்லை, பாஸானால்தான் செய்தி. அதனால் கனடாவில் பெயிலாகும் ஒரே தமிழன் நான்தான் என்று நம்பியிருந்தேன்.

ஆறாவது முறை என்னைக் கரைசேர்த்த பயிற்றுநருக்கு அப்போது மாணவர்களே இல்லை. மாத முடிவில் காரை விற்றுவிட்டு மார்க்கம் நகரில் ஒரு வெயர்ஹவுஸ் வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னார். கேட்கப் பாவமாக இருந்தது.

"ஒன்லைன்ல அவருக்கு ஒரு ரிவ்யூ எழுதுங்கோ அப்பா, இற் ரியலி ஹெல்ப்ஸ்," என்றாள் மகள். வாடிக்கையாளர்களே நட்சத்திரம் போட்டுக் கருத்தெழுதும் இணையத்தளம் ஒன்றைத் திறந்து தந்துவிட்டு, சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவருடைய பக்கத்தில் ஏற்கெனவே ஆறு கருத்துகள் இருந்தன. எல்லாம் ஐந்து நட்சத்திரம், எல்லாம் 'வெரி குட் சேர்'. எழுதியவர்களில் நாலு பேருக்கு அவருடைய குடும்பப் பெயர். நானோ நாலு வரி எழுத உட்கார்ந்து, ஐந்து தோல்விகளையும் சந்தி சந்தியாக விவரித்துவிட்டேன். 'என்னையே பாஸாக்கியவர்' என்று முடித்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை அவர் போன் பண்ணினார்.

"தம்பி, நீர் எழுதினதை உடனை அழிச்சுப்போடும். அஞ்சு தரம் பெயில் எண்டு கிடந்தா ஆர் என்னட்டை வருவினம்?"

"உண்மையைத்தானே அண்ணை எழுதினனான்."

"உண்மையைக் கொஞ்சம் குறைச்சு எழுதியிருக்கலாம். ரெண்டு தரம் எண்டு போட்டிருந்தாக் காணும்."

அழிக்க எனக்குத் தெரியவில்லை. மகள் ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள். மூன்று நாள் அந்த மனிதரின் பிழைப்பைக் கெடுத்த குற்றவாளியாகத் திரிந்தேன். "நல்லது செய்ய வெளிக்கிட்டாலும் உங்களுக்குக் கார் ஓடுற மாதிரித்தான்," என்றாள் மனைவி.

ஞாயிறு மத்தியானம் மகள் வந்து பக்கத்தைத் திறக்கும்போதே போன் அடித்தது.

"தம்பி, அழிச்சுப்போட்டீரோ?"

"இல்லை அண்ணை, இப்பதான் மகள்..."

"அழிக்காதையும். ஏழு பேர் போன் எடுத்திட்டினம். ஒருத்தரும் பேரைச் சொல்லேல்லை, எத்தினை தரம் பெயில் எண்டுதான் முதல் சொல்லுகினம். ஒராள் ஆறு தரமாம்."

"என்னைவிடவோ?"

"ஓம். உந்தாக்கள்தான் தம்பி எனக்குத் தோது. முதல்தரம் பாஸாகிறவன் பத்து வகுப்போடை போயிடுவான். காரை விலைக்குக் கேட்டு வந்த பெடியனை நான் திருப்பி அனுப்பிப்போட்டன்."

மகளிடம் கணினியை மூடச் சொன்னேன். அவர் இன்னும் போனை வைக்கவில்லை.

"உம்மட எழுத்துக்குக் கீழை ஒரு பிள்ளை கேள்வி கேட்டிருக்குது. பார்க்கிங் எண்டா கை நடுங்குதாம். பதில் எழுதிவிடும்."

"நானோ? நீங்களெல்லோ மாஸ்ரர்."

"நான் எழுதினா யாவாரம் எண்டு நினைப்பினம். நீர்தானே அனுபவசாலி."

மறுக்க முடியவில்லை. அந்தத் துறையில் எனக்கு ஐந்து சான்றிதழ்கள் இருக்கின்றன. அன்று பின்னேரம் அந்தப் பெண்ணுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். திங்கட்கிழமையே அவரிடம் வகுப்புக்குச் சேர்ந்துவிட்டாளாம்.