இருபத்தேழில் தொடங்கும் எண்

மகளின் பள்ளியிலிருந்து போன வாரம் வாட்ஸாப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. அலுவலக லேண்ட்லைனை எடுத்துவிட்டார்களாம். இனி அவசரம் என்றால் அங்கிருப்பவர்களின் செல்போனிலிருந்து கூப்பிடுவார்களாம். மற்ற அம்மாக்கள் கட்டைவிரலை உயர்த்திவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் நான்கு தடவை படித்தேன்.

யாழினிக்கு யுகேஜி. காய்ச்சல் ஏறினால் வலிப்பு வரும், ஒருமுறை வந்தும்விட்டது. அதனால் பள்ளியின் அழைப்பை நான் தவறவிடக் கூடாது. தெரியாத எண்ணையோ எடுக்கவே பயம். எடுத்தால் 'உங்கள் பேரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறது' என்று ஒரு மோசடிக் குரல் அதட்டுகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

லேண்ட்லைன் இருந்தவரை இந்தக் குழப்பமில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக்கு முன்பு தனி எஸ்டிடி எண் இருந்தது. பிறகு சென்னையின் 044-க்குள் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்தாலும் எங்கள் பக்கத்து எண்கள் 27-ல்தான் தொடங்கும். திரையில் 044, அடுத்து 27 என்று தெரிந்தால் படப்பையோ ஒரகடமோ, பக்கத்தில் எங்கோ ஒரு மேசை மேல் இருக்கும் போன் என்று மனம் கொஞ்சம் அடங்கும். செல்போன் எண்ணுக்கு அப்படி ஊர் கிடையாது. முதல் சில இலக்கங்களை வைத்து எந்தக் கம்பெனி, எந்த மாநிலம் என்று ஒரு காலத்தில் சொல்லிவிடலாம். எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறலாம் என்றான பிறகு அதுவும் போயிற்று. 140-ல் தொடங்கினால் விளம்பரம், 1600 என்றால் வங்கி என்று நான் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன்.

"நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும்டி" என்கிறார் கணவர்.

இந்தச் சந்தேகப் புத்தி கல்யாணத்துக்கு முன்பே உண்டு. அப்போது ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் ஆட்களின் வருகையைப் பதியும் வேலை பார்த்தேன். அங்கிருந்த போனின் ரிசீவரில் சானிடைசர் வாசனையும் யாரோ தலைக்குத் தடவிய தேங்காயெண்ணெய் வாசனையும் கலந்து அடிக்கும். அதில் வெளியே பேச முதலில் ஒரு பூஜ்யம் அழுத்த வேண்டும். செல்போனுக்கு என்றால் இன்னொரு பூஜ்யம். வேலைக்கு வராதவர்களைக் கூப்பிடும்போது நான் எப்போதும் ஒன்றோடு நிறுத்திவிடுவேன். இணைப்பு கிடைக்காது. உடனே அந்த ஆள் பொய் எண் கொடுத்திருப்பதாக முடிவு கட்டிவிடுவேன். சேரப்பணஞ்சேரி மலரிடம் அப்படித்தான் கேட்டுத் தொலைத்தேன். உற்பத்தி லைனில் வேலை செய்தவர்களில் எனக்குப் பிடித்த ஒரே ஆள் அவள்.

"இன்னா மேடம், ஒத்த ஜீரோவ போட்டுக்கினு என்னைப் பொய்க்காரின்றியே" என்று சிரித்தாள்.

ஒருநாள் அந்த மலரே லைனில் மயங்கி விழுந்தாள். ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனதும் இரண்டு பூஜ்யமும் சரியாகப் போட்டு அவள் கணவனைக் கூப்பிட்டேன்.

"லோன்லாம் வேணாம்மா, வையி."

மறுபடி கூப்பிட்டு மலரின் பெயரையும் ஊரையும் சொன்னேன். அதுதான் வினையாயிற்று.

"பேரு, ஊரு எல்லாம் தெரிஞ்சி வச்சிக்கினு பேசுறீங்களா? நெசமா கம்பெனின்னா, இன்னிக்கு அவ டிபன்ல இன்னா எடுத்துனு போனா, சொல்லு பாப்போம்."

ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். மலரின் பையிலிருந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பினேன். "புளி சாதம். ஓரத்துல அவிச்ச முட்டை."

"எந்த ஆஸ்பத்திரி?" என்றார். மலர் மறுநாளே வீடு திரும்பிவிட்டாள். நான்தான் பல நாள் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்படியும் ஒரு சந்தேகப் பிராணியா என்று.

நேற்று பதினொரு மணிக்கு ஒரு செல்போன் எண்ணிலிருந்து மூன்று முறை அழைப்பு வந்தது. மூன்று முறையும் அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அதே எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி: 'யாழினிக்கு ஜுரம். போன் எடுங்க.' ஆட்டோவில் போய்ச் சேர்வதற்குள் எத்தனை சாமியைக் கூப்பிட்டேன் என்று தெரியாது.

வலிப்பு வரவில்லை. பள்ளி அலுவலகப் பெஞ்சில் ஆயாம்மாவின் மடியில் சாய்ந்திருந்தாள். நெற்றியில் ஈரத் துணி.

"அம்மா, நீ ஏன் எடுக்கவேயில்ல?"

ஆயாம்மாவின் எண்ணைப் பதிந்துகொள்ளப் போனேன். "எதுக்கும்மா? இன்னிக்கு என் போன். நாளைக்கு யாரு கையில சார்ஜு கீதோ, அவங்க பண்ணுவாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து யாழினிக்கு மருந்து கொடுத்துத் தூங்கவைத்த பிறகு, 'ஸ்கூல்' என்று சேமித்து வைத்திருந்த பழைய எண்ணை அழுத்திப் பார்த்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு பெண் குரல். முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். இரண்டையும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன்.