பதினைந்தாவது மட்டை

எண்பதுகளில் ஆக்லாந்தில் ஒரு கோல்ஃப் கிளப்பின் கடையில் வேலை பார்த்தேன். கிளப்பின் பயிற்சியாளர் ஓர் அமெரிக்கர். இளமையில் தன் நாட்டுப் பெரிய போட்டிகளில் ஆடி, பெரும்பாலும் பாதியிலேயே மூட்டை கட்டியவர். இப்போது பிளாக்ஹவுஸ் பே பகுதி ஓய்வூதியக்காரர்களுக்குப் பந்தடிக்கச் சொல்லிக்கொடுத்தார். ஐம்பது வயதை நெருங்கும்போது ஒரு போட்டியின் தகுதிச் சுற்றுக்குப் பெயர் கொடுத்தார். "இதுதான் கடைசி. தேறாவிட்டால் இனிப் போட்டியே வேண்டாம்" என்றார். பை தூக்க என்னை அழைத்தார்.

பையில் பதினான்கு மட்டைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. அது எனக்குத் தெரியும். ஆனால் அன்று காலை வானம் இருண்டு கிடந்தது. மழைக் காற்றில் உதவும் என்று இன்னொரு மட்டையையும் செருகினேன். தொடங்குமுன் அவரிடம் கேட்டு ஒன்றை எடுத்துவிடுவதாக உத்தேசம். பயத்தில் மூன்று முறை கழிவறைக்கு ஓடியதில் அது மறந்துபோயிற்று.

முதல் இரண்டு குழிகளிலும் அவர் அருமையாக ஆடினார். மட்டைகளைத் துடைக்கும்போது எண்ணினேன். பதினைந்து. ஆங்கிலத்தில் எண்ணினேன், அதிலும் பதினைந்து. பக்கத்துப் புதருக்குள் ஒன்றை எறிந்துவிடலாமா? மயங்கி விழலாமா? எந்தப் பக்கம் விழுந்தால் சேறு குறைவு என்றுகூடப் பார்த்து வைத்தேன்.

"சேர், ஒண்டு கூடிப்போச்சு." பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. மட்டையைத் தூக்கிக் காட்டினேன். அவர் முகம் வெளிறிப்போயிற்று.

அவரே உடன் ஆடியவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார். குழிக்கு இரண்டாக நான்கு அடிகள் தண்டனையாக அவர் கணக்கில் ஏறின. என்னிடம் திரும்பி, "என் பை. நான் எண்ணியிருக்க வேண்டும்" என்றார். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். மீதிப் பதினாறு குழிகளும் மழையில் நடந்தோம்.

மூன்று அடி கூடியதில் தகுதி போயிற்று.

வீட்டில் மனைவி, "மூண்டாலதானே போனது? நாலு நீங்கள் குடுத்தது! பிளேன் ஏறேக்கை மூண்டு குடை அடுக்கின ஆள்தானே!" என்றாள்.

"ஓம், ஓம். சோத்தைப் போடும்."

மறுநாள் விலகல் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். அவர் தன் பையைக் கொண்டுவந்து, பழைய மட்டைகள் விற்கும் மூலையில் சாய்த்தார்.

"விலையை நீயே போடு" என்று சொல்லிவிட்டுப் பாடம் நடத்தப் போனார்.

நான் விலை போடவில்லை. பையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடையின் பின்னறையில், பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தேன். யாராவது விசாரித்தால், விற்றுப்போயிற்று என்பேன்.